காளியாயியின் காலில் மேற்கணக்கும் கீழ்க்கணக்கும்

வைத்தியத் துறைக்கு நான் செய்த தொண்டு முழுவதையும் ஒரு வெற்றிலையின் அளவுக்குள் அடக்கிவிடலாம். அந்த வெற்றிலையளவு இடம் காளியாயியின் இடது முழங்காலுக்குக் கீழே இருந்தது. அது ஒரு புண். அதைக் குணப்படுத்தியவன் நான் என்று இலங்கை மலைநாட்டில் கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் சொல்கிறார்கள். இத்தனை வருஷமாக நானும் மறுக்கவில்லை. மறுப்பதற்குக் கொஞ்சம் யோக்கியதை வேண்டும். அது எனக்கு இந்த நாற்பத்தெட்டாவது வயதில்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

அப்போதும் இப்போதும் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு நான்தான் பொறுப்பு. ஆட்கள் ‘மருந்தையா’ என்பார்கள். பதினெட்டு மாதம் படித்து வாங்கிய சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, நோயாளிகள் உட்காரும் பெஞ்சுக்கு நேர் எதிரே மாட்டியிருந்தேன். அதைப் பார்த்தாலே பாதிக் காய்ச்சல் இறங்கிவிடும் என்பது என் கணிப்பு. காளியாயி மட்டும் அந்தக் கண்ணாடியில் முகம் பார்த்துக் கொண்டையைச் சரிசெய்துகொள்வாள்.

துறையூர்ப் பக்கத்திலிருந்து கைக்குழந்தையாக வந்தவள் அவள். பத்து வயதில் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டினாள். புருஷன் மரம் சாய்ந்து செத்துப்போனான். ஒரே மகளை வட்டவளைத் தோட்டமொன்றில் கட்டிக்கொடுத்துவிட்டு, வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவில், அந்த ஒரே அறையில், தனியாக இருந்தாள். தனியாக என்றால், அவளும் அவள் வாயும்.

நாற்பத்தெட்டாம் ஆண்டு நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது, எங்கள் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை போனது, காளியாயியை அட்டை கடித்தது. முதலாவதைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. இரண்டாவதைப் பற்றிச் சங்கத்துத் தலைவர்கள் பேசினார்கள். மூன்றாவதை அவள் சொறிந்தாள். சொறிந்த இடம் புண்ணாகி, மழையிலும் சேற்றிலும் ஊறி, ஒன்பது வருஷம் ஆறாமலே இருந்தது.

அந்த ஒன்பது வருஷமும் நானும் சும்மா இருக்கவில்லை. தகர டப்பாவில் வரும் கறுப்புக் களிம்பை வாரம் தவறாமல் பூசி அனுப்பினேன். அவளும் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அதை வழித்து எறிந்துவிட்டுத் தன் பச்சைக் களிம்பைப் பூசினாள். மயில்துத்தம், வேப்பெண்ணெய், குங்கிலியம், தேன்மெழுகு எல்லாம் கொட்டகலைக் கடைத்தெருவில் ராசிக் நானா கடையில் வாங்கி அவளே காய்ச்சியது. லயத்தில் பாதிப் பேர் அவளிடம் அதை வாங்கிப் பூசினார்கள். மீதிப் பாதிதான் என்னிடம் வந்தது, அதுவும் அவளிடம் தீர்ந்துபோன நாட்களில்.

ஐம்பத்தேழாம் ஆண்டு வந்தது வினை. மூன்று மாதத்துக்கொரு முறை டிஸ்பென்சரிகளைச் சோதிக்க வரும் வெள்ளைக்கார டாக்டர் அந்தப் புண்ணைப் பார்த்துவிட்டார். “அடுத்த முறை வரும்போதும் இது இப்படியே இருந்தால் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடுவேன்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அதைத் தமிழில் சொல்லும் வேலை எனக்கு. எழுதிவிட்டால் செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் பேர் வெட்டப்படும். பேர் போனால் காம்பராவும் போகும்.

காளியாயி முதல்முறையாக என் கண்ணாடியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

“பேரு வெட்டுனா நான் எங்கங்கய்யா போறது? வட்டவளையில ஒரே காம்பராவுல எட்டுப் பேரு இருக்காங்க. மருமகன் நின்னுக்கிட்டே தூங்குறானாம்.”

“என் மருந்தை ஒழுங்கா விட்டு வச்சிருந்தா எப்பவோ ஆறியிருக்கும். நீதான் பாசிய அள்ளிப் பூசுறியே.”

“அந்தப் பாசி இல்லாட்டி ஒங்க தாரு என் எலும்பத் தின்னிருக்கும். தேயிலைக்குக் கொப்புளம் வந்தாலே தொர துத்தந்தான் அடிக்கச் சொல்றாரு. செடிக்கு ஆவுறது காலுக்கு ஆவாதா?”

அந்த நிமிஷத்தில் எனக்குள் ஒரு விஞ்ஞானி கண்விழித்தான். அதற்குமுன் அவன் அங்கே இருந்ததாக எனக்கே தெரியாது. எங்கள் தோட்டம் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவு. ஒரு மலையையே பிரிக்கலாமென்றால் ஒரு புண்ணைப் பிரிக்கக் கூடாதா? நடுவே நூலைப் பிடித்து ஊதா மருந்தால் ஒரு கோடு போட்டேன்.

“கோட்டுக்கு மேலே என் மருந்து. கீழே உன் மருந்து. எது ஆறுதுன்னு பாத்துடுவோம்.”

“இதுலயும் எனக்குக் கீக்கணக்குத்தானா?” என்றாள். ஆனால் காலை நீட்டினாள்.

விதிகளை நானே எழுதினேன். காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் வாசிக்கும் பெரட்டில் பேர் கொடுத்ததும் அவள் டிஸ்பென்சரிக்கு வரவேண்டும். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவவேண்டும். மண்ணெண்ணெய்ப் பெட்டியின்மேல் காலைத் தூக்கி வைத்து ஒரு மணி நேரம் காயவிடவேண்டும். பிறகு நான் தீக்குச்சியால் கறுப்பைப் பூசுவேன், அவள் ஈர்க்குச்சியால் பச்சையைப் பூசுவாள், சுத்தமான துணியால் கட்டு. முடிவு தெரியும்வரை மலைக்குப் போகாமல் பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்தபடி குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமைதோறும் தேயிலைப் பெட்டிக்குள் போடும் மெல்லிய தாளை வைத்துப் புண்ணின் உருவத்தை வரைந்து எடுப்பேன். மாதப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பப்போகும் கட்டுரைக்குத் தலைப்பும் என் பெயரும் எழுதி முடித்துவிட்டேன். நடுவில் சேர்க்கவேண்டிய விஷயம்தான் பாக்கி.

கறுப்பு, ஊதா, பச்சை என்று கால் கொடிபோல விளங்கியது. “எந்த நாட்டுக் கொடி இது?” என்று மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா எட்டிப் பார்த்துக் கேட்டார். “ரெண்டு நாடும் வேணாங்குதுங்க, அதான் காலுல கட்டியிருக்கேன்” என்றாள் காளியாயி. பிரஜாவுரிமை விஷயத்தில் அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் இன்றுவரை எங்கும் வாசிக்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை தாளை வெளிச்சத்தில் பிடித்தேன். கீழ்க்கணக்கு ஒரு நெல்லளவு சுருங்கியிருப்பதுபோலத் தோன்றியது. தாளைத் தலைகீழாகப் பிடித்தும் பார்த்தேன். மறுநாள் கோடு மங்கியிருந்ததால் புதிதாகப் போட்டேன். போடும்போது விஞ்ஞானத்தின் நன்மை கருதி அதை ஒரு நூலளவு கீழே இறக்கினேன். சுருங்கிய பங்கு என் கணக்கில் வரட்டுமே.

“ஐயா, என் நெரையில எறங்கிட்டீங்க.”

“கோடு அழிஞ்சிருந்துச்சு. திரும்பப் போட்டேன்.”

“நாப்பது வருசமா தேயிலையில நெரை புடிக்கிறவகிட்டயா? அடுத்தவ நெரையில ஒரு கொழுந்தக் கிள்ளுனா மலையே சண்டைக்கு வரும். படிச்ச மனுசன் புண்ணுல நெரை திருடுறீங்களே, வெக்கமா இல்ல?”

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பதிவேட்டில் எழுத ஒரு கட்டமும் இல்லை. கடைசியில் சமாதானம் ஆனோம். இருவரின் எல்லைக்கும் நடுவே ஒரு விரல் அகலம் குறுக்குப் பாதையாக விடுவது, அதில் அவளும் கைவைக்கக் கூடாது, நானும் கைவைக்கக் கூடாது. அன்றிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் அவ்வளவு கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தோம் என்றால், அந்தப் பாதையில் ஒரு துளி கறுப்போ பச்சையோ விழவில்லை.

ஏழாவது வாரம் மேற்கணக்கு அப்படியே இருந்தது. கீழ்க்கணக்கும் அப்படியே இருந்தது. நெல்லளவு சுருங்கியதாக நான் பதறியது தாளின் மடிப்பு. குறுக்குப் பாதை மட்டும் இருபக்கமும் இளஞ்சிவப்பாகத் தோல் கட்டி மூடிவிட்டது. ஒரு புண் இரண்டாகிவிட்டது. தாளைக் குறை சொன்னேன், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன், மூன்று முறை வரைந்தேன். மூன்று முறையும் அதேதான்.

“ஐயா,” என்றாள் காளியாயி மெதுவாக, “அந்தப் பாதைக்கு யாரு மருந்து போட்டது?”

“யாரும் போடலையே.”

“அதத்தான் நானும் கேக்குறேன்.”

இருவரும் சற்று நேரம் என் சான்றிதழைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டர் வர ஐந்து வாரம்தான் இருந்தது. காளியாயிதான் வழி சொன்னாள்.

“ரெண்டு பேரும் கைய எடுத்துருவோம். எனக்குக் காம்பரா முக்கியம்.”

“கழுவிக் கட்டுறதோட விட்டுடலாம். ஆனா வெறும் தண்ணியில ஆறுச்சுன்னு வெளியில சொல்லிடாதே.”

“நான் எதுக்குங்க சொல்றேன்? எங்கிட்டக் களிம்பு வாங்குன சனம் என்னையச் சும்மா விடுமா?”

அன்றுதான் நாங்கள் இருவரும் ஒரே தொழில் செய்கிறவர்கள் என்பது எனக்கு விளங்கியது. ஊரார் பார்வைக்காகப் புண்ணைவிட்டுத் தள்ளி, நல்ல தோலில், மேலே நானும் கீழே அவளும் வழக்கம்போலப் பூசினோம். புண்ணுக்குத் தண்ணீர், துணி, தூக்கி வைத்த பெட்டி. அது வெட்கமில்லாமல் ஆறியது.

டாக்டர் வந்தபோது ஏலக்காயளவில் ஒரு வடு மட்டும் மிச்சம். “அருமை! எந்த மருந்து?” என்று கேட்டார். பதிவேட்டில் மூன்று பத்திகள் இருந்தன. முன்னேற்றம் இருந்த மூன்றாவது பத்திக்குத் தலைப்பே இல்லை. அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, “கறுப்புக் களிம்பு” என்றேன். அவர் பச்சையைக் காட்டி, “இது?” என்றார். கேள்வி எந்தப் பாஷையில் வந்தாலும் புரிந்துகொள்ளும் காளியாயி, “அது அழகுக்குங்க” என்றாள். அழகுக்கு என்றே மொழிபெயர்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே ‘வேலைக்குத் தகுதி’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மறுநாள் பெரட்டில் கங்காணி வீரய்யா பேர் வாசித்தார். “காளியாயி!” அவள் வரிசைக்கு வெளியே இடது காலை மட்டும் நீட்டிக் காட்டினாள். அது போதாதென்று வீரய்யா சத்தம் போட்ட பிறகுதான், “இருக்கேன்! எழுதிக்கங்க, நல்லா அழுத்தி எழுதிக்கங்க” என்றாள்.

எனக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் பன்னிரண்டு டப்பா கறுப்புக் களிம்பும் வந்தன. கடிதத்தைச் சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டினேன். பதினொரு டப்பா இன்னும் திறக்கப்படவில்லை. கட்டுரையை அனுப்பவே இல்லை.

காளியாயி இப்போதும் அதே காம்பராவில்தான் இருக்கிறாள். போன மாதம், அவள் லயத்து ராசம்மா ஆறாத புண்ணோடு என்னிடம் வந்தாள். “காளியாயிதான் அனுப்புச்சுங்க” என்றாள்.

“என்னன்னு சொல்லி அனுப்பினா?”

ராசம்மா அதை அப்படியே ஒப்பித்தாள். “‘மருந்தையாகிட்டயே போ. அவரு ஒண்ணும் போடமாட்டாரு, அதுல ரொம்பக் கெட்டிக்காரரு’ன்னு சொன்னுச்சுங்க.”

அடுப்பில் தண்ணீரை வைத்தேன்.