நாலு சிலிண்டரா, ஆறு சிலிண்டரா

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுக் கிளம்பிய வருடத்தில் அப்பா அந்தக் காரை வாங்கினார். கப்பலேற அவசரப்பட்ட ஓர் அதிகாரி, கதிரை மேசை விற்கிற விலைக்கு அதைத் தள்ளிவிட்டுப் போனான். இருவர் மட்டும் இருக்க இரண்டே இரண்டு சீற். கூரை என்ற பெயரில் ஒரு கன்வஸ் துணி. மாலையில் அப்பா என்னை இடப்பக்கம் ஏற்றிக்கொண்டு உட்துறைமுக வீதியில் ஓடுவார். அம்மா இல்லாத வீட்டில் எங்கள் இருவருக்கும் அந்தக் கார் அளவாக இருந்தது. பிறகு எனக்கும் ஓட்டப் பழக்கினார். பிறகு செத்துப்போனார். என்னுடைய முப்பத்தைந்து வயதில், உவர்மலை வீட்டில் நானும் காரும் மட்டும் மிஞ்சினோம். அதற்கு முன் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் காரைத்தான் நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு வேலை துறைமுகத் தொலைபேசி நிலையத்தில். காலை முதல் மாலை வரை யாரையாவது யாரோடாவது இணைத்துவிட வேண்டும். காது நிறையக் கதை, அதில் ஒரு சொல்கூட எனக்கில்லை. "லைன் தாங்கோ" என்பார்கள்; தந்தவுடன் என்னை மறந்துபோவார்கள். வீட்டுக்கு வந்தால் பல்லி மட்டும் பேசும். தனிமை பழகிவிடும் என்று எனக்குப் புத்தி சொன்ன ஒருவரும் தனியாக இருந்து பார்த்தவர் இல்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. மோட்டார்ப் பைத்தியம் பிடித்த சிலர் சேர்ந்து, சீனன்குடா விமானத் தளத்துக்கு வெளியே கிடந்த சரளைக்கல் பரவிய கிரவல் வெளியில் வருடத்துக்கு ஒரு தரம் பந்தயம் வைப்பார்கள். தார்ப் பீப்பாக்களை நிறுத்தி, அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கார்தான். குறைந்த நேரத்தில் ஓடி முடிப்பவருக்குக் கோப்பை. பீப்பாவில் தட்டினால் தண்டனை. கையில் காசில்லாதவர்களின் பந்தயம் என்பதால் வருவதெல்லாம் பழைய கார்கள். எந்தக் காரிலும் அதனோடு பிறந்த எஞ்சின் இருக்காது.

ஒருநாள் இழுவைக் கப்பலின் எஞ்சினியர் லைன் கேட்டு எடுத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், நாற்பதைத் தொட்டவர், கலியாணம் செய்யாதவர். இணைப்பதற்குள் கேட்டார்: "மிஸ், உங்களிட்ட ஒரு ரெண்டு சீற் கார் நிக்குதாம், உண்மையே?"

"நிக்குது. ஆனா ஓடாது. புகைதான் வருது."

"பிஸ்டன் தேஞ்சிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்து பாக்கலாமோ?"

அந்த வேலையில் சேர்ந்த பிறகு, லைனில் என்னோடு கதைப்பதற்காகக் கதைத்த முதல் ஆள் அவர். அன்றைக்கு மிச்ச அழைப்புகளையெல்லாம் மாற்றி மாற்றி இணைத்து ஏச்சு வாங்கினேன்.

ஞாயிறு வந்தார், பார்த்தார், அடுத்த பந்தயத்தில் நான் ஓடியே ஆக வேண்டும் என்றார். அதற்கடுத்த ஞாயிறு லொறியில் ஒரு எஞ்சினையும் கொண்டுவந்து இறக்கினார். கந்தளாய் வீதியில் தலைகீழாகக் கிடந்த பெரிய காரொன்றின் ஆறு சிலிண்டர் எஞ்சின். காரோடு வந்த நாலு சிலிண்டரைத் திருத்துவதா, இந்த ஆறைப் பூட்டுவதா? எங்கள் வழக்கு இப்படித்தான் தொடங்கியது.

"ஆறெண்டால் ரெண்டாம் கியரில போட்டிட்டு முழுப் பந்தயத்தையும் முடிக்கலாம் மிஸ். பீப்பாவைச் சுத்தி வந்து மிதிச்சால் பிடுங்கிக்கொண்டு போகும்."

"போகும்தான். ஆனா நேராப் போகும். உந்தப் பாரத்தை மூக்கில வைச்சால், ஸ்டீரிங்கை என்னதான் வெட்டினாலும் கார் தண்ணியைக் கண்ட எருமை மாதிரி தன்பாட்டில ஓடும். நாலு, பாரம் குறைவு. சொன்ன இடத்தில திரும்பும்."

இப்படி மாதக்கணக்காகப் போயிற்று. கோயில் பூசை முடிந்து நான் வருவதற்குள் அவர் கேற்றடியில் நிற்பார். ரொட்டியும் கட்டைச்சம்பலும் சாப்பிட்டபடி வாதாடுவோம். ஒரு ஞாயிறு அவர் வாயடைத்துப்போகும்படி நியாயம் சொல்லுவேன். அடுத்த ஞாயிறு அவர் பக்கம் சாய்வதுபோல முகத்தை வைத்துக்கொள்வேன். வழக்குத் தீர்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு. திங்கள் முதல் சனி வரை ஞாயிறின் அந்த நாலு மணி நேரத்தை வைத்துத்தான் உயிரோடிருந்தேன்.

பந்தயத்துக்கு மூன்று மாதம் இருக்கையில் கிண்ணியாவிலிருந்து வெல்டர் நானாவை அழைத்தோம். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் நாடாவைப் பிடித்து ஆறு சிலிண்டரை அளந்தார், காரை அளந்தார், நாடியைச் சொறிந்தார்.

"தங்கச்சி, இது நீட்டு எஞ்சின். எஞ்சினுக்கும் சீற்றுக்கும் நடுவில இருக்கிற முன்சுவரை வெட்டிப் பின்னுக்குத் தள்ளணும். கியர் பொக்ஸும் உள்ளுக்கு வரும். இடப்பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. ஓட்டுற ஆளுக்கு மட்டுந்தான் சீற். வெட்டவா?"

நான் எஞ்சினியரைப் பார்த்தேன். "அப்ப பக்கத்தில வாற ஆள் எங்க இருக்கிறது?"

"பந்தயத்துக்கு ஆளெதுக்கு மிஸ்? அந்தச் சீற்றையும் கழட்டி எறிஞ்சால் இன்னும் பாரம் குறையும்."

மனுசன் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சீற்றில் அவர் இருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளல்ல, எல்லா நாளும். அதை வாய்விட்டுச் சொல்ல ஏலாத காலம், வயது, ஊர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெட்ட வேண்டாம் நானா. நாலையே திருத்துவம்" என்றேன்.

எஞ்சினியர் முகத்தைத் தொங்கப்போட்டார். ஆனாலும் கைவிடவில்லை. கொழும்பிலும் பிஸ்டன் கிடைக்காத காலத்தில், சிங்கப்பூர் போய்வந்த கப்பல்காரர் ஒருவரைப் பிடித்து எடுப்பித்துத் தந்தார். எஞ்சினைக் கழற்றிப் பூட்டியதும் அவர்தான். புகை நின்றது. ஆறு சிலிண்டர் கராஜ் மூலையில் சாக்கால் மூடப்பட்டுக் கிடந்தது.

பந்தயத்தன்று அவர் தோய்த்து மினுக்கிய வெள்ளைச் சேட்டும் காற்சட்டையுமாக வந்தார். நான் தலைக்குச் சிவப்பு லேஞ்சித் துணி கட்டியிருந்தேன். கதவைத் திறந்து இடப்பக்கம் ஏறினார். எனக்கு நெஞ்சு அடித்த அடிக்கு அந்த நாலு சிலிண்டர் தோற்றுப்போகும். கண்டி வீதிக்குத் திரும்பியதும் ஒரு பக்கம் முழுக்கக் கடல், காற்று வேறு. ஏதாவது சொல்லுவார் என்று பார்த்தேன். அவர் முழங்கால்களுக்கிடையே தலையைக் குனிந்து, காதை முன்சுவரோடு வைத்திருந்தார்.

"மூண்டாவது சிலிண்டரில சின்னச் சத்தம் ஒண்டு கேக்குது" என்றார்.

சீனன்குடாவின் பெரிய எண்ணெய்த் தாங்கிகளைத் தாண்டும்போதும் அவர் தலையை நிமிர்த்தவில்லை. பல்லியோடு இருந்த இரவுகளில்கூட அப்படித் தனியாக இருந்ததில்லை நான்.

என் முறை வந்தது. கொடிக்காரன் கையை உயர்த்தினான். எஞ்சினியர் சட்டென்று கதவைத் திறந்தார்.

"நான் இறங்கிறன் மிஸ். ஒரு ஆளின்ர பாரம் வீண்."

அந்த வெறுஞ்சீற்றோடு ஓடினேன். என்ன கோபத்தில் ஓடினேனோ, ஒரு பீப்பாவிலும் படவில்லை. வளைவிலெல்லாம் கார் சொன்னபடி கேட்டது; வளைவு முடிந்து இழுக்க வேண்டிய இடத்தில்தான் வலுப் போதவில்லை. மூன்றாம் இடம். அவர் ஓடிவந்து எஞ்சினை மூடிய பொனெற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஆறைப் பூட்டியிருந்தால் கோப்பை உங்கட. இப்பவாவது உண்மையைச் சொல்லுங்கோ, ஏன் நாலை எடுத்தனீங்கள்?"

சொல்லியிருக்கலாம். சுற்றிவர ஆட்கள் நின்றார்கள். அவருடைய முகத்தில் எஞ்சினைப் பற்றிய ஆவல் மட்டும் இருந்தது.

"வெட்டி ஒட்டினால் சேஸி பலம் குறைஞ்சிடுமெண்டு பயந்தனான்" என்றேன்.

"ஓம், அதுவும் ஒரு நியாயம்தான்" என்று தலையாட்டிவிட்டு, வென்றவனுடைய பொனெற்றுக்குள் தலையை விடப் போய்விட்டார். திரும்பும்போது, "நீங்கள் போங்கோ மிஸ், நான் இவையோட வாறன்" என்றார். தனியாக வந்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. மனக்கசப்பு ஒன்றுமில்லை, தீர்ந்த வழக்குக்கு வக்கீல் எதற்கு வருவான்? ரொட்டியைக் காகத்துக்குப் போட்டேன். மூன்றாவது ஞாயிறு அதைச் சுடவுமில்லை. மறுநாள் வேலையில் இருந்தபோது, வாழ்நாளில் முதல் தடவையாக எனக்கென்று ஒரு லைனை எடுத்து, இழுவைக் கப்பல்காரர் வேலை பார்க்கும் கந்தோருக்குப் போட்டேன்.

"ஹலோ மிஸ், ஆர் லைன்ல?" என்றார் எஞ்சினியர்.

"ஒருத்தரும் இல்லை. நான்தான் கதைக்கிறன். நீங்கள் சொன்னதுதான் சரி. ஆறையே பூட்டுவம்."

"நான் அப்பவே சொன்னனான் மிஸ்!" அந்தக் குரலில் இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஞாயிறு நான் வருவதற்குள் கேற்றடியில் நின்றார், நானாவையும் கூட்டிக்கொண்டு. நட்டுக் கழற்றும் சாவியைத் தேடி எடுத்து, இடப்பக்கச் சீற்றை நானே கழற்றிக் கராஜுக்கு வெளியே வைத்தேன். நானா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"தங்கச்சி, வெட்டினாப் பிறகு பழையபடி ஆக்க ஏலாது. வெட்டவா?"

"வெட்டுங்க நானா."

காருக்கடியிலிருந்து எஞ்சினியரின் குரல் வந்தது. "இந்த வேலை முடியக் குறைஞ்சது ஆறேழு மாசம் பிடிக்கும் மிஸ்."

எனக்கு ஒரு அவசரமும் இல்லை என்று சொன்னேன்.