பாடினது யாரு?

தாம்பரத்திலிருந்து சேலையூர் போகும் ஷேர் ஆட்டோவில் நான் மட்டும்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் ஏதோ பழைய கானா. குரல் பிடிபட்டது. எங்கள் தெரு செல்வம் அண்ணன்.

கானா பாடுகிறவர்கள் கடைசி அடியில் தங்கள் பேரைச் சேர்ப்பார்கள். அண்ணன் சேர்க்க மாட்டார். "பாடினது யாரு?" என்று கேட்டு நிறுத்துவார். "நம்ம செல்வம்!" என்று தெருவே கத்தும். கேசட்டிலும் அந்த இடத்தைச் சும்மா விட்டிருந்தார். டீக்கடையில் அது ஓடும்போதெல்லாம் பிள்ளைகள் நாங்கள் கத்துவோம்.

அவர் செத்த அன்று, சாவு கானாவுக்கு வேறு ஆளைப் பாடவைக்க மனசில்லாமல், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் அந்தக் கேசட்டையே போட்டார்கள்.

"பாடினது யாரு?"

என் வாய் தானாகத் திறந்தது. அம்மா பொத்தினாள்.

"சொல்லாதடி. கூப்ட்ட மாதிரி ஆயிடும்."

கண்ணாடிக்குள் அவர் உதடு லேசாகத் திறந்திருந்தது. ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. டேப் சரசரவென்று ஓடி நின்றது.

இப்போது ஆட்டோவில் அதே கேள்வி, அதே இடைவெளி. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

டிரைவர் திரும்பாமலே சொன்னான்: "சொல்லுங்கக்கா. உங்களத்தான் கேக்குறாரு."