ஆறு வாரம் இல்லாமல் இருப்பது

ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில், தண்ணீர் ஜாடி மேசைக்கும் கை கழுவும் இடத்துக்கும் நடுவே இருபத்திரண்டு வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறவர் அவர். சாப்பிட்டு எழுந்தவர்கள் அவரைக் கடந்துதான் போக வேண்டும். சிலர் எச்சில் கையோடு தலையசைப்பார்கள். பரிமாறுகிறவர்கள் அவரை 'மெல்லிசை' என்று கூப்பிட்டார்கள். அது கிண்டலா மரியாதையா என்று யோசிப்பதை அவர் எப்போதோ விட்டுவிட்டார்.

புதிதாக வந்த மேனேஜருக்கு எல்லாமே பழசாகப் பட்டது. திரைச்சீலை, விளக்கு, அப்புறம் கீபோர்டின் சத்தம். இப்போது வரும் பாட்டுகளில் கேட்கிற சத்தமெல்லாம் இதில் வராதா என்று பணிவாகத்தான் கேட்டார். வரும். புது ஒலிகள் அடங்கிய சின்ன போர்டு ஒன்றை உள்ளே பொருத்த வேண்டும், அவ்வளவுதான்.

சர்வீஸ் சென்டரில் இருந்த பெண் இரண்டு வழி சொன்னாள். போர்டை வாங்கிப் போய் நீங்களே மாட்டலாம், ஏதாவது ஆனால் கம்பெனி பொறுப்பில்லை. அல்லது எங்களிடம் கொடுங்கள், தொழிற்சாலைக்குப் போய்த் திரும்ப ஆறு வாரம். மேனேஜர் தாராளமாகச் சொன்னார், நிதானமாகச் செய்யுங்கள், அதுவரை பதிவு செய்த இசையைப் போட்டுக்கொள்கிறோம் என்று. அந்தத் தாராளம்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. போர்டோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வீட்டில் மனைவி தையல் மெஷினில் இருந்தாள்.

"ஆறு வாரம் நான் அங்க இல்லேன்னா, நான் இல்லேங்கறதே யாருக்கும் தெரியாமப் போயிடும்" என்றார்.

"நீங்களே கைவெச்சு அது புட்டுக்கிச்சுன்னா?"

"என் கையாலயே போச்சுன்னு இருந்துட்டுப் போகுது."

ஓட்டல் விடுமுறை நாளன்று, அவள் துணி வெட்டும் மேசையில் போர்வையை மடித்துப் போட்டு, கீபோர்டைக் குப்புறப் படுக்க வைத்தார். குமிழ்கள் நசுங்காமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணை. அவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, எனக்குப் பிரசவம் ஆனபோதுகூட இத்தனை துணி விரிக்கவில்லை என்றாள். திருகாணிகள் எட்டையும் அவளுடைய பொத்தான் டப்பாவில் அறைக்கு ஒன்றாகப் போட்டார். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் போர்டைக் கெடுக்காதிருக்க, அதோடு வந்த குறிப்புத் தாளில் சொன்னபடி அடிக்கடி ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டார்.

கரண்ட் என்றால் அவருக்கு எப்போதும் பயம். இஸ்திரிப் பெட்டியைத் துடைப்பதற்குக்கூட வீட்டு மெயினை அணைக்கிறவர். பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் காத்திருந்த பிறகும், உள்ளே நாணயம் போல ஒரு பேட்டரி பளபளத்தது கண்ணை உறுத்தியது. தாளில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உயிருள்ளது எதுவும் உள்ளே இருக்கக் கூடாதென்று, தையல் பிரிக்கும் கத்தியால் நெம்பி அதை எடுத்துச் சட்டைப் பொத்தான்களோடு வைத்தார். போர்டை அழுத்தினார். சரியாக உட்கார்ந்தது. பேட்டரியும் எட்டுத் திருகாணிகளும் பழைய இடத்துக்கே போயின. ஒன்றும் மிச்சமில்லை.

ஸ்விட்சைப் போட்டதும் புது ஒலிகள் எல்லாம் வந்தன. அவர் தானே உருவாக்கிச் சேர்த்து வைத்திருந்த அறுபத்துநான்கு ஒலிகளும் இல்லை. அந்தப் பேட்டரியின் தயவில்தான் அவை இத்தனை காலம் உள்ளே இருந்தன. தாளை ஒன்பது தடவை படித்திருந்தார், ஒவ்வொரு தடவையும் திருகாணி வரும் இடத்திலிருந்து. முதல் வரி இப்படி இருந்தது: சேமித்த ஒலிகளை முதலில் வெளியே பதிந்துகொள்ளவும். தொழிற்சாலைக்குப் போயிருந்தாலும் எல்லாவற்றையும் அழித்துத்தான் தந்திருப்பார்களாம், அதுவும் அடுத்த வரியிலேயே இருந்தது.

அவர் ஸ்விட்சை அணைத்தார். போர்வையை மடித்து வைத்தார்.

மறுநாள் மாலை புது ஒலிகளில் வாசித்தார். மேனேஜர் கதவருகே நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கை கழுவப் போனவர்கள் வழக்கம்போலத் தலையசைத்தார்கள். பழைய குழல் ஒலி எங்கே, அந்த வயலின் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடம் அவர் அங்கே இருந்தது அந்தச் சத்தங்களாகத்தான் என்று அவர் நினைத்திருந்தார். அவர் பயந்தது நடக்க ஆறு வாரம் தேவைப்படவில்லை. ஒரு மாலை போதுமாக இருந்தது.

அடுத்த நாள் மதியம் வீட்டில் உட்கார்ந்து, ஞாபகத்திலிருந்து அந்தக் குழலை மறுபடி உருவாக்கப் பார்த்தார். குமிழைத் திருப்புவார், ஒரு வரி வாசிப்பார், மறுபடி திருப்புவார். நான்காவது தடவை தையல் மெஷின் நின்றது.

"அது இல்லைங்க. அந்தக் குழலுக்குக் கொஞ்சம் சளி பிடிச்சிருக்கும். இது சுத்தமா இருக்கு."

வீட்டில் தான் வாசித்துப் பழகும்போது மெஷின் சத்தத்தில் அவளுக்கு எதுவும் காதில் விழாது என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தார். குமிழை லேசாகத் திருப்பி வாசித்தார்.

"இன்னும்" என்றாள். துணியைத் திருப்பிப் போட்டு மறுபடி மிதிக்கத் தொடங்கினாள்.