ஆலங்குளம் பஸ்ஸில் என் மூளை

நான் செய்துகொண்டிருந்த பொருளுக்கு ஆயுள் குறைவு. காலையில் செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பாதி போய்விடும். அடுத்த இரண்டு மணி நேரத்தில் மீதியிலும் பாதி. மறுநாள் வந்து பார்த்தால் குப்பியில் வெறும் உப்புத் தண்ணீர்தான் இருக்கும். இதற்காகவா இத்தனை வருஷம் படித்தாய் என்று அக்கா கேட்டபோது, ஆமாம் என்றேன்.

எழுபதுகளின் கடைசியில் வெளிநாட்டில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தேன். மூளையின் நடுவில் டோபமைன் என்று ஒரு ரசாயனம் ஊறுகிறது. கை கால் அசைவு சீராக இருப்பது அதனால்தான். டோபமைனைச் செய்துகொள்ள மூளை எடுக்கும் மூலப்பொருள் டோபா. கதிரியக்கம் உள்ள ஃப்ளோரினை டோபாவின் மேல் ஏற்றி ஊசி போட்டால், டோபமைன் ஊறும் இடத்தில் அது போய் உட்காரும். தலையைச் சுற்றி நிற்கும் மெஷினின் வளையம் அங்கிருந்து வரும் கதிரைப் பிடித்துத் திரையில் வெளிச்சமாகக் காட்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் ஃப்ளோரின் சொன்ன பேச்சைக் கேட்காது. டோபாவில் அது ஒட்டக்கூடிய இடங்கள் மூன்று, எங்களுக்கு வேண்டியது ஒன்று. மற்ற இரண்டையும் பிரித்துத் தள்ளுவதற்குள் பொருள் பாதி செத்திருக்கும். இதிலேயே என் வயசில் நல்ல பகுதி போனது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, எரிச்சல் உண்டு.

எண்பதுகளின் நடுவில் ஒருவழியாகப் படம் விழுந்தது. நோய் உள்ளவர்களின் தலையைப் படமெடுத்தால் மட்டும் போதாது, நன்றாக இருக்கிறவர்களின் தலையோடு ஒப்பிடவும் வேண்டும். வெளியாள் கிடைக்காத நாட்களில் கூடத்தில் வேலை செய்கிறவர்களே போய்ப் படுப்போம். நானும் படுத்தேன். நான் செய்த பொருளை எனக்கே ஊசி போட்டார்கள். திரையில் என் மூளையின் நடுவே இரண்டு முந்திரிப்பருப்புகள் சிவப்பும் மஞ்சளுமாக எரிந்தன. திரையை போட்டோ பிடித்து எனக்கு ஒரு பிரதி தந்தார்கள். கை நடுக்கம் உள்ள ஒருவரின் படமும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அதில் முந்திரிப்பருப்பின் வால் இருக்காது. தலைப்பக்கம் இரண்டு பொட்டு மட்டும் தெரியும்.

அந்த வருஷம் லீவில் தென்காசிக்கு வந்தபோது இரண்டையும் பெட்டியில் கொண்டுவந்தேன். "என் தங்கச்சி தலையை போட்டோ எடுக்கா" என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்த அக்காவுக்காகத்தான்.

சாரல் தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குற்றாலம் போனோம். அத்தான், அதாவது அக்காவின் கணவர், தனியார் பஸ்ஸில் டிரைவர். தென்காசி ஆலங்குளம் ரூட்டில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. கைக்குழந்தையோடு ஏறுகிற பெண்கள் அவர் வண்டி எது என்று விசாரித்து ஏறுவார்கள், அவர் பிரேக் போட்டாலும் குழந்தை முழிக்காது. அப்படிப்பட்டவர் அன்றைக்கு அருவிக்கரையில் ஒற்றைக் கையால் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். இடது கை துண்டுக்கு அடியில் இருந்தது. துண்டு விலகியபோது பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பீடி சுருட்டுவதுபோல் தாமாக உருண்டுகொண்டிருந்தன. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். உடனே அந்தக் கையின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

மற்றவர்கள் அருவியில் நின்றபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"ஒரு வருஷமா இருக்கு. ஒங்க அக்காட்ட கூடச் சொல்லல. செவுத்துல எல்லாம் எழுதிப் போட்டிருக்கான்லா, நரம்புத் தளர்ச்சிக்கு லாட்ஜுல வைத்தியம்னு. அது எதுக்கு வைத்தியம்னு ஊருக்கே தெரியும். எனக்குக் கை நடுங்குதுன்னு சொன்னா என்னன்னு நெனப்பாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இந்த ஊரில் நரம்புத் தளர்ச்சி என்றால் வாலிபத்தில் செய்த தப்புக்கு வந்த கூலி என்றுதான் அர்த்தம். அந்தப் பெயருக்குப் பயந்து அத்தான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் வைத்தியரிடமே திருட்டுத்தனமாகப் போய், அவர் தந்த லேகியத்தை பஸ் டூல்ஸ் பெட்டியில் ஒளித்துவைத்துச் சாப்பிட்டிருக்கிறார். மனிதர்கள் எதற்கெல்லாம் வெட்கப்படுகிறார்கள் என்பதை எந்த வளையமும் படம் பிடிக்காது.

மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நரம்பு டாக்டர் நடக்கச் சொல்லிப் பார்த்தார், எழுதச் சொல்லிப் பார்த்தார், நோயின் பெயரைச் சொன்னார். மாத்திரை எழுதினார். நான் ஃப்ளோரின் ஏற்றுகிற அதே டோபாதான் மாத்திரையாக இருந்தது. பஸ் ஓட்டக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அத்தான் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு படங்களையும் எடுத்துக் காட்டினேன். இது நோய் இல்லாத தலை, இது நோய் உள்ள தலை, வால் மங்கிப்போயிருக்கிறது பாருங்கள், கோளாறு மண்டைக்குள்தான், வேறெங்கும் இல்லை. அத்தான் முகம் தெளிந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

"இங்கன ஒங்க மெஷினக் கொண்டுவர முடியாதா? எனக்கும் ஒரு படம் எடுத்துரலாம்லா?" என்றார்.

மெஷினைக் கொண்டுவந்தாலும் ஊசி போடுகிற மருந்து வராது என்றேன். சென்னையில் செய்து அனுப்பினால்கூடத் தென்காசி வந்து சேர்வதற்குள் ஒன்றும் மிச்சமிருக்காது என்றேன். அவர் இரண்டு படங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இங்கேயே இருக்கட்டும் என்று கேட்டார், கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்கா மாதம் ஒரு கடிதம் போடுவாள். மழை, விலைவாசி, யார் வீட்டுக் கல்யாணம் எல்லாம் இருக்கும். அத்தானைப் பற்றி "நல்லா இருக்காங்க" என்று ஒரே வரி. வண்டியை விட்டு இறங்கி ஷெட்டில் வேலை பார்க்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த லீவில் வந்த மறுநாளே ஒரு சிநேகிதியைப் பார்க்க ஆலங்குளம் போகவேண்டியிருந்தது. தென்காசி பஸ் ஸ்டாண்டில் நின்ற வண்டியில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தேன். பிறகுதான் டிரைவரைப் பார்த்தேன். அத்தான் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். அவர் தலைக்கு மேலே முருகன், மாதா, மெக்கா மூன்று படமும் வழக்கம்போல் இருந்தன. நாலாவதாகச் சட்டம் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பூவும் சுற்றி என் மூளை தொங்கியது.

சிரிக்க வேண்டிய இடம்தான். ஆனால் வண்டி கிளம்பிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், பூக்கூடைக்காரிகள், படியில் தொங்குகிறவர்கள் என்று வண்டி நிறைய ஆள். நோய் முற்றியதில் அத்தான் முகத்தில் அசைவே இல்லை, இமைகூட எப்போதாவதுதான் மூடியது. ரயில்வே கேட் மூடியிருந்தது தூரத்திலேயே தெரிந்தது. கால் பிரேக்குக்குப் போக நேரம் எடுத்தது. வண்டி கேட் கம்பியை உரசிக்கொண்டு நின்றது. பின்சீட்டில் ஒரு குழந்தை முழித்து அழுதது. "அண்ணாச்சி கனா கண்டுட்டிய போல" என்று யாரோ கேலி செய்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள்.  ஆலங்குளத்தில் இறங்கி, சிநேகிதி வீட்டுக்குப் போகாமல் வேறு வண்டி பிடித்துத் திரும்பி, நேரே பஸ் முதலாளியின் ஷெட்டுக்குப் போனேன்.

முதலாளி மரியாதையானவர். நாற்காலி போட்டு, காப்பிக்குச் சொன்னார்.

"கண்டக்டர் பய, டிரைவருக்குக் கை நடுங்குதுன்னு வந்து சொன்னான். கூப்பிட்டு விசாரிச்சேன். கொழுந்தியா வெளிநாட்டுல இருந்து கொண்டாந்த மெஷின்ல எடுத்த படம்னு கொண்டாந்து காட்டுனாரு. ரெண்டு பக்கமும் வெளக்கு கெணக்கா எரியுது. அதுக்கு மேல என்னத்தக் கேக்க? நாந்தான் வண்டியிலயே மாட்டச் சொன்னேன். ஏறுத சனத்துக்கும் ஒரு தெம்பு பாருங்க."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. துபாயிலிருந்து வருகிறவர்கள் பெட்டியைத் திறந்து எதெதையோ எடுக்கிற காலம் அது. தூக்கி நடக்கிற டேப் ரிக்கார்டர் வந்துவிட்டது, மடியில் வைக்கிற தையல் மெஷின் வந்துவிட்டது. மூளையைப் படமெடுக்கிற மெஷின் மட்டும் ஏன் சூட்கேஸில் வராது? எங்கள் மெஷினுக்கு ஒரு கட்டடமும் அதன் அடித்தளத்தில் கதிரியக்க ஃப்ளோரின் செய்கிற ஒரு சைக்ளோட்ரானும் வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்.

"அண்ணாச்சி, அது அத்தான் தலை இல்ல" என்றேன்.

"அப்போ யாரு தலை?"

"என் தலை."

முதலாளி காப்பியைக் கீழே வைத்தார். என் நெற்றியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மதுரை டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். மறுநாள் காலை வண்டியை வேறு ஆள் எடுத்தான்.

அக்காவுக்குச் சேதி போயிருந்தது. தட்டை வைத்தாள், சோற்றைப் போட்டாள், அடுக்களைக்குப் போய்விட்டாள். அப்புறம் உள்ளேயிருந்தே சொன்னாள்.

"ஏட்டி, அவங்களுக்கு அந்த வண்டிய விட்டா என்ன இருக்கு? ஒரு படத்த வச்சு அந்த மனுசன் நிம்மதியா இருந்தா ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு? நீ பாட்டுக்கு வருவே, போவே. இங்கன கெடந்து பாக்கப் போறது நாந்தானே."

அவள் சொன்னதில் தப்பில்லை. நான் செய்ததிலும் தப்பில்லை. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தன. எனக்கு அழுகை வந்தது. மூளையில் எது எங்கே ஊறுகிறது என்று வருஷக்கணக்கில் தேடியவள், பாதிச் சோற்றில் தட்டைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.

அத்தான் வாசலில் உட்கார்ந்திருந்தார். கையை இனி ஒளிக்க வேண்டியதில்லை, மடியில் கிடந்து அதுபாட்டுக்கு உருண்டுகொண்டிருந்தது. திட்டினால் கேட்டுக்கொள்ளலாம் என்று பக்கத்தில் போய் நின்றேன். அவர் திட்டவில்லை.

"அந்தப் படத்தக் காட்டி மொதலாளிய ஏமாத்துனது நாந்தான். மொதல்ல ரெண்டு மூணு மாசம் நல்லாத்தான் ஓடிச்சு, மாத்திரைக்குக் கேட்டுச்சு. பொறவு காலு சொன்னபடி கேக்கல. கேட்டுல நீ பாத்தேல்லா, அது மொதத் தடவ இல்ல."

"தெரிஞ்சும் ஏன் அத்தான் ஓட்டுனிய?"

"எறங்கணும்னு தெனமும் நெனப்பேன். காலையில சாவியக் கையில வாங்குனதும் அந்த நெனப்பு போயிரும்."

தெருவில் அவருடைய பழைய வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. புது டிரைவர் தேவைக்கு மேல் அடிக்கிறான் என்பது எனக்கே தெரிந்தது. சத்தம் தேயும்வரை அத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ வாரேன்னு ஒங்க அக்கா சொன்னதுமே படத்தக் கழத்தி வச்சிருக்கலாம். ஒரு ஸ்க்ரூதான். கழத்தல" என்றார். "நீ பாத்தா சும்மா இருக்க மாட்டேன்னு தெரியும். நானா எறங்க முடியலம்மா. எறக்கிவிட ஒரு ஆளு வேணும்லா."