கல்கிடங்கில் நாற்பத்தாறு வீடுகள் இருக்கின்றன

இந்தப் பதிவில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். என்னை நல்லவளாகக் காட்டாத இடங்களையும் விடப் போவதில்லை.

கோடை விடுமுறையில் நான் எழுதிய ‘ஆளில்லாத சுண்ணாம்பு ஊர்’ என்ற பதிவை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். என் வலைப்பூவில் அதிகம் பேர் படித்தது அதுதான். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மண்டபத்துக்குச் சற்று முன்னால், முதன்மைச் சாலையிலிருந்து தெற்கே கடல் பக்கமாக எழுநூறு மீட்டர் போனால் கல்கிடங்கு வரும். கடலுக்குள் இருக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்துவந்து சுண்ணாம்பு சுட்ட ஊர் அது. பவளப்பாறையைத் தொடக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு அந்தத் தொழில் நின்றுவிட்டது.

மே மாதம் இராமேசுவரத்திலிருந்து திரும்பும்போது எங்கள் பேருந்து அந்த இடத்தில் பஞ்சராகிவிட்டது. சரிசெய்ய ஐம்பது நிமிடம் ஆகும் என்றார்கள். பெரியம்மாவை இழுத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தேன். காலை பதினொரு மணி. வீடுகளெல்லாம் சாத்தியிருந்தன. ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. காளவாசல், அதாவது சுண்ணாம்பு சுடும் பெரிய சூளை, பாதி இடிந்து நின்றது. கல் சுமந்து ஏறுவதற்கான சாய்வு மேடை மட்டும் நன்றாக இருந்ததால் அதன் வழியே உச்சிக்கு ஏறிப் படம் எடுத்தேன். கீழே ஓர் ஓலை மறைப்பு தெரிந்தது. ஆட்டுக் கொட்டகை என்று நினைத்துக்கொண்டேன். பதினைந்து நிமிடத்தில் திரும்பிவிட்டோம். அந்தப் பதினைந்து நிமிடத்தை வைத்து இப்படி எழுதினேன்: “இப்போது இங்கே யாரும் வசிப்பதில்லை. காளவாசல் மேல் ஏறினால் கடல் முழுவதும் தெரியும். தடுக்க ஆளில்லை.”

செப்டம்பரில் அந்தப் பதிவின் கீழே ஒரு பின்னூட்டம் வந்தது. “நாங்க என்ன பேயா? நீ ஏறச் சொன்ன எடத்துக்கு நேர் கீழதான் நாங்க குளிக்கிற மறைப்பு இருக்கு. மத்தியானத்துக்கு மேல வந்து பாரு. காலையில எல்லாரும் கடல்ல இருப்போம். இப்படிக்கு மாரீஸ்வரி, பத்தாம் வகுப்பு.”

என் பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு மூலையில் கொடியில் ஒரு நைட்டி காய்ந்துகொண்டிருந்தது. அதன் கீழே மண் ஈரமாக இருந்தது. ஆளில்லாத ஊரில் யார் துணி துவைப்பார்கள்? ஆனாலும் நேரில் சரிபார்க்காமல் திருத்தினால் அதுவும் பார்க்காமல் எழுதியதாகிவிடும் என்று நினைத்து, பதிவைத் தொடாமல் விட்டுவிட்டு, காலாண்டுத் தேர்வு முடிந்ததும் கிளம்பினேன். வருவதாக மட்டும் பின்னூட்டத்தில் பதில் எழுதினேன். இடையில் ஒன்பது நாட்கள் போய்விட்டன.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நானும் அய்யாவும் போனோம். அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன். அய்யா வீடுகளுக்கு வயரிங் செய்பவர். அன்று வேலை இல்லை. இராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் ஒன்று நாற்பதுக்கு இராமேசுவரம் வண்டி ஏறினோம். ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். பெண்களுக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்து இல்லை இது, பார்த்து ஏறுங்கள்.

“கல்கிடங்கு விலக்கு ரெண்டு” என்றார் அய்யா.

நடத்துநர் என் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். “என்ன, பேய் பாக்கவா?”

“இல்லங்க, ஆளுகளப் பாக்க” என்றேன்.

“அதச் சொல்லு. தெனம் முப்பது பொம்பளைக கூடையும் கையுமா இந்த வண்டியில ஏறுறாக. அம்புட்டுப் பேரும் செத்துப் போயிட்டாகன்னு எவளோ நெட்டுல எழுதி வச்சிருக்காளாம்.”

செத்துப் போய்விட்டார்கள் என்று நான் எழுதவில்லை. ஆனால் அதை எடுத்துச் சொல்லும் இடத்தில் நான் அப்போது இல்லை. அய்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் சிரிப்பில் குலுங்கியது.

இரண்டு ஐம்பதுக்கு இறங்கி, உடைமரங்களுக்கு நடுவில் மணல் பாதையில் ஒன்பது நிமிடம் நடந்தோம். பாதை முடிவில் என்னைவிட அரை அடி உயரமான ஒரு அக்கா கைகட்டி நின்றிருந்தார்.

“நீதானா அது?”

“ஆமாக்கா.”

“பெரிய ஆளா இருப்பேன்னு நெனச்சேன். மூக்குக் கண்ணாடியும் நோட்டுமா வந்திருக்கே.”

பின்னூட்டம் எழுதிய மாரீஸ்வரி அவர்தான். மாரி அக்காவின் அம்மா செல்வி வீட்டிலிருந்து வெளியே வந்தார். அவர் விரல்களில் துணிப்பட்டை சுற்றியிருந்தது. தினமும் காலையில் படகில் போய், கடலுக்கடியில் மூழ்கிப் பாசி எடுக்கிறார். பாறை கையைக் கிழிக்காமல் இருக்கத்தான் அந்தத் துணி. ஊரில் பெண்கள் பெரும்பாலும் பாசி எடுக்கவும், ஆண்கள் மீன் பிடிக்கவும் போகிறார்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளும் அம்மாவுடன் போவதுண்டு. மே மாதம் பதினொரு மணிக்கு ஊர் ஏன் காலியாக இருந்தது என்பது இவ்வளவு எளிய விஷயம்.

“வாங்கண்ணே. வா தாயி. சாப்பிட்டுத்தான வாறீக?” என்று செல்வி அத்தை பாய் விரித்தார். எனக்குத் திட்டு விழும் என்று தயாராக வந்திருந்தேன். கருவாட்டுக் குழம்புதான் கிடைத்தது.

சாப்பிட்ட கையோடு நோட்டைத் திறந்து, என் பழைய பதிவின் தகவல்களை ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

காளவாசலைக் கட்டியது வெள்ளைக்காரர் என்று எழுதியிருந்தேன். செல்வி அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் எழுந்துவிட்டது. “எங்க மாமனாரும் அவுக கூட்டாளி மூணு பேரும் கட்டுனது. கருப்புன்னா கருப்பு, அப்படியொரு கருப்பு. அவுக வெள்ளக்காரனா?” கல் தீவிலிருந்து வந்தது என்று எழுதியிருந்தேன். தீவிலிருந்து இல்லை, கரைக்கு எதிரே தண்ணீருக்குள் இருக்கும் பாறைத் திட்டிலிருந்து. அதை ‘பார்’ என்கிறார்கள். ஆண்கள் கடப்பாரையோடு மூழ்கிப் பெயர்த்து வத்தையில், அதாவது சின்னப் படகில், ஏற்றி வருவார்களாம். செல்வி அத்தையே மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அந்தக் கல்லைச் சுமந்து சாய்வு மேடையில் ஏறியிருக்கிறார்.

“தடை வந்தப்ப கஷ்டமா இருந்துச்சா?” என்று கேட்டேன்.

“சோறு போச்சுல்ல. ஆனா இப்ப அந்தப் பாருலதான் பாசி எடுக்குறேன். அன்னைக்கு அம்புட்டையும் வெட்டியிருந்தா இன்னைக்கு எங்க போயி எடுப்பேன்?” என்றவர், “ரெண்டையும் எழுது. ஒண்ண மட்டும் எழுதாத” என்றார்.

காளவாசலின் உயரம் நாற்பதடி என்றும் எழுதியிருந்தேன். அய்யா தன் டேப்பை எடுத்து மாரி அக்காவிடம் ஒரு முனையைக் கொடுத்து அளந்தார். பத்தொன்பதடி. “பாதிக்கு மேல ஒம் மகளே கட்டிட்டா போல” என்றார் செல்வி அத்தை அய்யாவிடம். பழைய வீட்டுச் சுவர்களில் பூப்பூவாகத் தெரிவது பவளப்பாறைக் கல் என்று எழுதியது மட்டும் சரியாக இருந்தது.

அடுத்து வீடுகளை எண்ணினோம். அய்யா கரண்டு மீட்டர்களை எண்ணி நாற்பத்துநான்கு என்றார். மாரி அக்கா நாற்பத்தாறு என்றார். இரண்டு வீட்டுக்காரர்கள் தங்கள் அண்ணன் வீட்டு மீட்டரிலிருந்தே ஒயர் இழுத்திருக்கிறார்கள். ஆக, நாற்பத்தாறு.

“எண்ணி முடிச்சிட்டியா? இப்பக் கொல்லைக்கு வா” என்றார் மாரி அக்கா.

நான் ஆட்டுக் கொட்டகை என்று நினைத்த ஓலை மறைப்பு அங்கே இருந்தது. நான்கு பக்கம் ஓலை, மேலே வானம். உள்ளே ஒரு துவைகல், ஒரு வாளி, ஓலையில் செருகிய சோப்பு டப்பா. சுற்றியுள்ள ஆறு வீட்டுப் பெண்களுக்கும் அதுதான் குளிக்கும் இடம். என்னை உள்ளே நிற்கச் சொல்லிவிட்டு அவர் சாய்வு மேடையில் ஏறினார். சற்று நேரத்தில் மேலிருந்து குரல் கேட்டது. “நிமிந்து பாரு.”

பார்த்தேன். மே மாதம் நான் படம் எடுத்த அதே விளிம்பில் அவர் நின்றிருந்தார்.

“ஒன் கால் கட்டைவிரல்ல மருதாணி இருக்கு. தெரியுதா எனக்கு எம்புட்டுத் தெரியுதுன்னு?”

நான் உடை உடுத்தித்தான் நின்றிருந்தேன். ஆனாலும் கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டேன்.

அவர் இறங்கி வந்ததும் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னேன். “சரிபாக்காம மாத்தக் கூடாதுன்னுதான்க்கா விட்டு வச்சேன்.”

“ஒன்பது நாளாச்சு. நீ சரிபாக்குற வரைக்கும் நான் குளிக்காம இருக்கவா?”

 

அந்த நேரத்தில், நாலே காலுக்கு, ஒரு பைக் வந்து நின்றது. கல்லூரி படிக்கும் வயதில் இரண்டு பேர். வண்டியை நிறுத்திய வேகத்தில் நேராகக் காளவாசல் மேல் ஏறிவிட்டார்கள். ஒருவர் கைபேசியைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்துச் சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்தார்.

“ஏலே! எறங்குங்கலே!” செல்வி அத்தை முற்றத்திலிருந்தே கத்தினார். “பொம்பளைக குளிக்கிற எடம்லே அது!”

அவர்கள் பதறி இறங்கினார்கள். “மன்னிச்சிருங்கம்மா. மதுரையிலருந்து வாறோம். இங்க யாரும் இல்ல, ஏறிப் பாக்கலாம்னு போட்டிருந்துச்சு.” வீடியோ எடுத்தவர் கைபேசியை நீட்டினார். அதில் என் பதிவு. என் தலைப்பு, என் படம்.

மாரி அக்கா என்னைப் பார்த்தார். அய்யாவும் பார்த்தார். 

“அத எழுதுனது நான்தான்” என்றேன். “அது தப்பு. இங்க நாப்பத்தாறு வீடு இருக்கு. நீங்க நின்ன எடத்துக்குக் கீழ ஆறு வீட்டுக்காரங்க குளிக்கிறாங்க.”

“அட, நீயா அது? நல்லா எழுதியிருந்தியேம்மா!” என்றார் ஒருவர்.

என் எழுத்தை யாராவது பாராட்டினால் இரண்டு நாள் தூக்கம் வராது எனக்கு. அன்றைக்கு அந்தப் பாராட்டைக் கேட்டு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

மாரி அக்கா கையை நீட்டினார். “வீடியோவக் காட்டுங்க. அழிங்க.” வீடியோ எடுத்தவர் அழித்தார். “அழிச்சது போயி ஒரு எடத்துல கெடக்கும்ல, அங்கயும் அழிங்க.” அங்கேயும் அழித்தார். அவர்கள் போனதும் அய்யா தன் கைபேசியை என்னிடம் கொடுத்தார். முற்றத்தில் சிக்னல் இல்லை. கடற்கரையில் கவிழ்த்துப் போட்ட ஒரு வத்தையின் மேல் ஏறி நின்றால் கிடைக்கும் என்று மாரி அக்கா கூட்டிப் போனார். அதன் மேல் நின்று பழைய பதிவை நீக்கினேன். நான்கு நொடிகூட ஆகவில்லை.

இந்தப் பதிவின் முதல் வரைவை அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். மாரி அக்கா வரிவரியாகப் படித்துத் திருத்தினார். ‘எளிய மக்கள்’ என்று நான் எழுதியதை அடித்துவிட்டார். “ஆளுகன்னு எழுது, போதும்.” நாற்பத்தாறு வீடுகளுக்கு ஆதாரமாகப் படம் போடலாமா என்று கேட்டேன். “ஆள் இருக்கோம்னு காட்டுறதுக்கு நாங்க வீட்டத் தெறந்து காட்டணுமா?” என்றார். அதனால்தான் இந்தப் பதிவில் ஒரு படம்கூட இல்லை.

இனி உங்களிடம் சில விஷயங்கள். என் பழைய பதிவை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டவர்கள் குறைந்தது ஐந்து பேர் இருக்கிறீர்கள். ஐவருக்கும் எழுதிவிட்டேன். இருவர் நீக்கிவிட்டார்கள். மற்ற மூவர் நீக்கும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன். நீக்காமல் ‘திருத்தப்பட்டது’ என்று கீழே ஒரு வரி சேர்ப்பது போதாது. பாதிப் பேர் கீழே வரை படிப்பதில்லை.

கல்கிடங்குக்குப் போகத்தான் வேண்டும் என்றால் மாலை மூன்று மணிக்கு மேல் போங்கள். பாதை முடியும் இடத்தில் நின்று யாரையாவது கூப்பிடுங்கள், கட்டாயம் வருவார்கள். காளவாசலைப் பாதையிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம். மேலே ஏறாதீர்கள். குடிதண்ணீர் கொண்டுபோங்கள், அங்கே அது லாரியில்தான் வருகிறது. ஓர் ஊரைப் பற்றி எழுதுவதாக இருந்தால், காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். எழுதியது தவறோ என்று சந்தேகம் வந்தால் முதலில் பதிவை எடுத்துவிடுங்கள், சரிபார்ப்பதைப் பிறகு செய்யலாம். இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

திரும்பி வர ஏழு ஐந்துக்கு வண்டி இருந்தது. ஆறே முக்காலுக்குச் செல்வி அத்தையிடம் சொல்லிக்கொண்டு முற்றத்தில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தோம். இருட்டிவிட்டது. மாரி அக்கா மாற்றுத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, வாளியோடு கொல்லைக்குப் போனார். காளவாசல் உச்சியை ஒருமுறை பார்த்தார். அங்கே யாரும் இல்லை, நானும் பார்த்தேன். பிறகு அவர் திரும்பி வந்து, சுவரில் இருந்த சுவிட்சுகளைத் தட்டிக் கொல்லை விளக்கையும் முற்றத்து விளக்கையும் அணைத்துவிட்டு, இருட்டிலேயே குளிக்கப் போனார்.