தமிழக்கா ஒன்றியமான கதை

கட்சியில் பதவி வந்ததும் ஆளுக்குப் பெயர் போய்விடும். மாவட்டச் செயலாளர் 'மாவட்டம்', ஒன்றியச் செயலாளர் 'ஒன்றியம்'. ஒத்தக்கடைப் பக்கம் எல்லோருக்கும் தமிழக்காவாக இருந்த தமிழ்ச்செல்வியும் அப்படித்தான் ஒன்றியம் ஆனாள். காலனிக்கார இருளாயிக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

தொண்டு நிறுவன வேலைக்காகச் சைக்கிளில் காலனிக்கு வந்தவள்தான் தமிழ்ச்செல்வி. இருளாயி வீட்டுக் கஞ்சியைக் குடித்துவிட்டு, ரேஷன் கார்டு, பட்டா, சாதிச் சான்றிதழ் என்று காலனிக்காகத் தாலுகா ஆபீஸுக்கு அலையாய் அலைந்தாள். மேலூர் ரோட்டைத் தாண்டிச் சுடுகாட்டுக்குப் போகும் பாதையை ஊர் நிலக்காரர் வெள்ளைத்துரை முள்வேலி போட்டு அடைத்தபோது, இருளாயியின் மாமனார் பாடை ரோட்டிலேயே நின்றது. தூக்கிய பாடையை நடுவழியில் இறக்கக் கூடாது என்று பெருசுகள் பதறினார்கள். "எறக்குங்க. பாதைய விட்டாத்தான் தூக்குவோம்" என்று தமிழ்ச்செல்வி ரோட்டில் உட்கார்ந்தாள். முதல் ஆளாகத் தோளிலிருந்து இறக்கியவன் இருளாயியின் புருசன் முத்திருளன். சாயங்காலம் வேலியைப் பிரித்தார்கள். அந்த நன்றியில்தான் காலனியே அவளுக்குப் பின்னால் கட்சிக்குப் போனது. கூட்டத்தைப் பார்த்துத்தான் கட்சி பதவி கொடுத்தது.

இப்போது வெள்ளைத்துரையும் அதே கட்சி. பாதையை மறித்துச் சுவர் எழுப்பி, பிளாட் போட்டிருக்கிறார். இன்றைக்குப் பாடையில் கிடப்பவன் முத்திருளன்.

காரில் வந்திறங்கிய தமிழ்ச்செல்வி, கட்சிக்கரைத் துண்டை அவன் மேல் போர்த்தினாள். கையோடு குரலைத் தாழ்த்தி, "இருளாயி, இன்னைக்கு மட்டும் கம்மாக்கரையச் சுத்திப் போயிருங்க. அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள்.

அண்ணன் என்றது வெள்ளைத்துரையை என்று இருளாயிக்குத் தெரியும். துண்டை உருவி அந்தக் காரின் மேலேயே போட்டாள். இவளுக்கா சோறு போட்டோம் என்றிருந்தது.

தெருமுனையோடு பெண்கள் நின்றுவிடுவது வழக்கம். இருளாயி நிற்கவில்லை. மேலூர் ரோடு வரை பாடைக்கு முன்னால் நடந்து, "எறக்குங்கப்பா" என்றாள்.

இறக்கினார்கள். இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றன. தமிழ்ச்செல்வியோடு வந்த கட்சிக்காரன் ஒருவன் ஓடி வந்து, "ஆத்தா, ஒன்றியம் சொல்றாகல்ல, தூக்கச் சொல்லு" என்று அதட்டினான்.

இருளாயி புருசன் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒன்றியத்த எனக்குத் தெரியாதுப்பா. இங்கன எறக்கச் சொல்லிக்குடுத்தது தமிழக்கா. அவள வரச் சொல்லு, தூக்குறோம்."

காரில் பின்னாலேயே வந்து சற்றுத் தள்ளி நின்ற தமிழ்ச்செல்வி காதில் அது விழுந்தது. அவள் கையிலிருந்த போன் அடித்தது. எடுத்து, "சொல்லுங்கண்ணே" என்றபடி காரைப் பார்த்து நடந்தாள்.