எங்கள் வைஃபைக்குள் வந்த மூன்றாவது போன்

அந்த நாட்களில் எங்கள் தீவில், ஜங்லிகாட் பகுதியில், இணையம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மொபைலில் ஒரு மெசேஜ் போவதற்குள் டீ ஆறிவிடும். எனக்கு அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலை. அந்தக் கெத்தில் வீட்டில் வைஃபை வைத்திருந்தேன். ஒரு நாள் ரவுட்டரின் பட்டியலைப் பார்த்தால், எங்கள் இரண்டு போன்களோடு மூன்றாவதாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

எவனோ பூட்டை உடைத்துவிட்டான் என்று முடிவுகட்டினேன். காரணம் இருந்தது. எங்கள் ரவுட்டரில் இருந்தது டபிள்யூஇபி என்ற பழைய பாதுகாப்பு முறை. அது ஒரே சாவியோடு ஒரு சின்ன எண்ணைச் சேர்த்து, செய்தியைக் குழப்பி அனுப்பும். அந்த எண்கள் தீர்ந்துபோய்ப் பழையவையே திரும்ப வரும். காற்றில் போவதைப் பொறுமையாகச் சேர்த்துவைத்தால் சாவியைக் கண்டுபிடித்துவிடலாம். உடனே டபிள்யூபிஏ-2 என்ற புது முறைக்கு மாற்றி, நீளமான கடவுச்சொல் போட்டேன். இதில் கடவுச்சொல் காற்றில் போவதே இல்லை. ரவுட்டர் ஒரு எண் சொல்லும், போன் ஒரு எண் சொல்லும். அவற்றையும் கடவுச்சொல்லையும் வைத்து இரண்டும் தனித்தனியே ஒரே சாவியைச் செய்துகொள்ளும். ஒவ்வொரு முறை சேரும்போதும் புதுச் சாவி. மனைவியின் போனிலும் நானே போட்டுவைத்தேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நான்காம் நாள் டீ குடிக்கும்போது பீற்றிக்கொண்டேன்.

"மூணு நாளா திருடன் தலையே காட்டல, பாத்தியா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அரே, அது திருடன் இல்லீங்க. பக்கத்து வீட்டு தீதி. நான்தான் நம்ம பாஸ்வேர்ட போட்டுக் குடுத்தேன்."

அவள் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளப் பெண்ணின் கணவருக்கு, தீவிலிருந்து மெயின்லேண்டுக்குப் போய்வரும் கப்பலில் வேலை. கரை சேர்ந்ததும் மெசேஜ் போடுவார்; தீதியின் போனுக்கு அது எங்கள் வைஃபை வழியாகத்தான் வரும். அந்த வாரம் கடலில் புயல். கால் பண்ணினால் லைனும் கிடைக்கவில்லை.

"வந்து கேட்டிருக்கலாமே?"

"எப்படிக் கேப்பாங்க? நாமளே வேணும்னு நிறுத்தி, பந்த் பண்ணிட்டோம்னு நெனச்சிருப்பாங்க." அவள் குரல் இறங்கியது. "சுனாமி அப்ப நீங்க கார் நிகோபார்ல. பொழைச்சவங்க லிஸ்ட் எதுலயும் உங்க பேரு இல்ல. ஆறு நாள் கப்பல் ஜெட்டிலயே நின்னேன். மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. கப்பலிலிருந்து இறங்கிய என்னை அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்தது இன்றும் நினைவிருக்கிறது. ஆனால் அந்த ஆறு நாளும் நான் உயிரோடிருப்பது எனக்குத் தெரியும், அவளுக்குத்தான் தெரியாது. வெட்கமாக இருந்தது.

இருவருமாகப் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினோம். "தீதி, போன் தீஜியே" என்று போனைக் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் நீட்டினார். தூங்காத கண்கள். கடவுச்சொல்லை அடிக்கும்போது என் விரல் இரண்டு முறை தவறியது. இதை எதற்கு இவ்வளவு நீளமாக வைத்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். மூன்றாம் முறை சேர்ந்தது.

மெசேஜ்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. முதலாவது மூன்று நாளுக்கு முந்தையது: கப்பல் பத்திரமாகச் சேர்ந்துவிட்டது. மற்றவை எல்லாம் ஒரே கேள்வி. பதிலே இல்லையே, நீ நன்றாக இருக்கிறாயா? அங்கே அவரும் மூன்று நாளாகத் தூங்கியிருக்க மாட்டார்.